மானா பெடிங் போடாத கையெழுத்து

டாக்டர்கள் ஆராய்ச்சி செய்வார்கள். அதற்கு அரசாங்கத்திடம் பணம் கேட்டு மனு எழுதுவது என் வேலை. பிலிப்பைன்ஸின் லெய்டே தீவில், எங்கள் மருத்துவக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக எனக்கு இதே நாற்காலிதான். பெயர் லுதிவினா, லூடி என்றால்தான் ஆட்களுக்குத் தெரியும். நான் எழுதிய மனுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என் உயரத்துக்கு வரும், நான் குட்டைதான் என்றாலும். பலித்தவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவை எல்லாம் 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் கடிதங்களாகத் திரும்பி வந்தன.

மூன்று வருடத்துக்கு முன் அரசாங்கம் ஒரு புதுக் கொள்கை கொண்டுவந்தது. மருத்துவ ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கு மணிலாவுக்கு வெளியே இருக்கிற கல்லூரிகளுக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் வரிசையாக நிபந்தனைகள். சொந்தமாகப் பரிசோதனைக்கூடம் வேண்டும், ஆராய்ச்சியில் யாருக்கும் அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு நெறிமுறைக் குழு வேண்டும், அந்தக் குழுவில் டாக்டர் அல்லாத ஊர்க்காரர் ஒருவர் உட்கார வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே திட்டத்துக்கு மூன்று முறைதான் கேட்கலாம். மூன்றாவது தடவையும் தோற்றால் திட்டம் மணிலாவில் ஏதாவது பெரிய இடத்துக்குப் போய்விடும். நாங்கள் இங்கே ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் போட்டு, அவர்களுக்கு அனுப்பிவைக்கும் கூலியாட்களாக இருக்கலாம்.

எங்கள் திட்டம் டாக்டர் ஒடெஸ்ஸா அப்ரெனிகாவுடையது. முப்பத்தெட்டு வயது, இந்தப் பக்கத்துப் பெண். எட்டு வருடம் ஜப்பானில் படித்தவள் அங்கேயே இருந்திருக்கலாம், திரும்பி வந்தாள். எங்கள் நெல் வயல்களில் ஒரு சின்ன நத்தை உண்டு. அதிலிருந்து தண்ணீருக்கு வரும் புழு, சேற்றில் நிற்பவர்களின் தோல் வழியாக உள்ளே போய் ஈரலைக் கெடுக்கும். வயிறு வீங்கிய பிறகுதான் பலர் ஆஸ்பத்திரிக்கே வருவார்கள். ஒரு சொட்டு ரத்தத்தை வைத்துக் கால் மணி நேரத்தில் இருக்கு, இல்லை என்று சொல்லும் ஒரு பட்டையை ஒடெஸ்ஸா செய்திருந்தாள். முதல் கட்டமாகக் கன்ஹாவான் கிராமத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டதில் முந்நூற்றொரு பேர் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். இனி தீவு முழுக்கச் சோதித்துப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் பணம்.

முதல் முறை, மின்சாரம் போனால் உங்கள் குளிர்ப்பெட்டி என்ன ஆகும் என்று கேட்டுத் தள்ளுபடி செய்தார்கள். நியாயமான கேள்வி. அடித்துப் பிடித்து ஒரு ஜெனரேட்டர் வாங்கினோம். இரண்டாவது முறை வந்த பதில்தான் சுட்டது. 'முந்நூற்றுப் பன்னிரண்டில் முந்நூற்றொன்று என்பது நம்பும்படி இல்லை. மக்கள் விஷயம் புரிந்து சம்மதித்தார்களா, மரியாதைக்குத் தலையாட்டினார்களா என்பது சந்தேகம்.' ஒடெஸ்ஸா கடிதத்தைப் படித்துவிட்டுப் போய்க் கைகழுவும் தொட்டியில் பத்து நிமிடம் கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

ஆனால் கோபம் தணிந்து யோசித்தபோது எனக்கே உள்ளுக்குள் உதைத்தது. எங்கள் ஊரில் யார் யாருக்கு 'மாட்டேன்' சொல்லியிருக்கிறார்கள்? சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு தடவை வேண்டாம் என்போம், மூன்றாம் தடவை உட்காருவோம். வருகிற விருந்தாளி 'எதுவும் செய்யாதீங்க' என்றால், கோழி போதுமா பன்றியே அடித்துவிடலாமா என்று யோசிக்கத் தொடங்குவோம். இப்படிப்பட்ட ஊரில் டாக்டர் வந்து படிவத்தை நீட்டினால் யார் மறுப்பார்கள் என்று மணிலாவில் இருப்பவன் கேட்டால், அவன் வாயை எதைக் கொண்டு அடைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மனுவுக்கு, நேரில் வந்து பார்ப்போம் என்று பதில் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் டாக்டர் எவாரிஸ்தோ லக்சமானா. கடிதத்தின் அடியில் தடித்த எழுத்தில் ஒரு விதி இருந்தது: மனுதாரர் தரப்பிலிருந்து குழுவுக்குப் பரிசோ உணவோ பானமோ எதுவும் வரக் கூடாது, வந்தால் திட்டம் தகுதி இழக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கன்ஹாவானுக்குப் போனேன். சுகாதார நிலையத்து முன்னால் பெண்கள் கூடியிருந்தார்கள். நடுவில் மானா பெடிங், முழுப் பெயர் பெர்னார்திதா. அறுபத்தொரு வயது, சொந்தமாக இரண்டு வயல், ஊருக்கே அக்கா, அதனால்தான் மானா.

"புதன்கிழமை மணிலாக்காரங்க வர்றாங்க. யாரும் எதுவும் சமைக்கக் கூடாது. காப்பி கூடக் கிடையாது. சொல்லிட்டேன்" என்றேன்.

"சரி, சரி" என்றார்கள் எல்லாரும்.

"மானா, நிஜமாத்தான் சொல்றேன். அவங்களுக்கு விதி இருக்கு."

"நீ சொல்லிட்ட லூடி. நாங்க கேட்டுக்கிட்டோம். போய் வேலையைப் பாரு" என்றாள் மானா பெடிங், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது நான் சுதாரித்திருக்க வேண்டும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், எனக்கே புத்தி மட்டு.

புதன்கிழமை காலை பரிசோதனைக்கூடத்தில் எல்லாம் நன்றாகவே போனது. லக்சமானா உயரமான, ஒட்டிய கன்னம் கொண்ட மனிதர், சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர். ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொன்னார்; ஓடியது. குளிர்ப்பெட்டியின் கதவைத் தாமே திறந்து உள்ளே பார்த்தார். தண்ணீரைக்கூட மூவரும் தங்கள் பையிலிருந்தே எடுத்துக் குடித்தார்கள். பத்தரை மணிக்குக் கன்ஹாவான் கிளம்பினோம்.

வேன் ஊருக்குள் திரும்பும்போதே வாசனை வந்துவிட்டது. சுகாதார நிலையத்து முற்றத்தில் நீள மேசை. அதன்மேல் வாழையிலை. இலையின் மேல், தோல் செந்நிறமாக மொறுமொறுத்து, தலை முதல் வால் வரை ஒரு முழுப் பன்றி. பக்கத்தில் இறால், இலையில் கட்டிய இனிப்புச் சோறு, ஒரு பெரிய குடத்தில் கள். காலை பதினொன்றுக்குக் கள். மேசைக்குப் பின்னால் ஊரே நல்ல துணி உடுத்திக்கொண்டு நின்றது.

மூன்று வருட உழைப்பு அந்த மேசையில் பன்றியோடு பன்றியாகப் படுத்துக் கிடந்தது.

"இது என்னம்மா?" என்றார் லக்சமானா என்னைப் பார்த்து.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒடெஸ்ஸா என் கையிலிருந்த, காகிதம் செருகிய அட்டையை வாங்கினாள். வேன் கதவில் வைத்து நின்றபடியே எழுதினாள். இந்த உணவை நாங்கள் கேட்கவில்லை, வேண்டாம் என்று ஞாயிறன்றே சொல்லியிருந்தோம், ஆனாலும் வந்துவிட்டது, குழுவினர் எதையும் தொடவில்லை. தேதி, நேரம், கையெழுத்து. அதை அவரிடம் நீட்டினாள்.

"மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல சார். நீங்க எழுதறதுக்கு முன்னாடி நானே எழுதிட்டேன். உங்க ஃபைல்ல வெச்சுக்குங்க."

எங்கள் பெண் என்று எனக்கு அந்த இடத்திலேயே மார்பு நிமிர்ந்தது, பணம் போனாலும் போகட்டும் என்று ஒரு கணம் தோன்றியது.

லக்சமானா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அதற்குள் மானா பெடிங் ஒரு தட்டோடு அவர் முன்னால் வந்து நின்றாள். காது மடல் பகுதி, மொறுமொறுப்பானது, பெரிய மனிதர்களுக்குக் கொடுப்பது.

"மன்னிக்கணும்மா. நாங்க எதுவும் சாப்பிடக் கூடாது."

"கொஞ்சமா."

"வேண்டாம்மா."

"சும்மா வாயில போட்டுக்குங்க."

"நிஜமாவே வேண்டாம்."

மூன்று தடவை ஆகிவிட்டது. மானா பெடிங் என் பக்கம் திரும்பினாள். "இவங்க வேண்டாம்னா, வேண்டாம்தானா?"

"ஞாயித்துக்கிழமையே தொண்டை வத்தச் சொன்னேனே மானா."

"பாவம்" என்று தட்டைக் கீழே வைத்தாள்.

லக்சமானா அவளை விடவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு மறுப்பு என்றால் என்னவென்றே புரியாது என்ற அவருடைய சந்தேகத்துக்கு மேசை போட்டுச் சாட்சி வைத்துவிட்டோமே என்று எனக்கு வேர்த்தது. அவர் கேட்டார்: "டாக்டர் ஒரு படிவம் கொண்டுவந்தாங்களே, அதுல நீங்க கையெழுத்துப் போட்டீங்களாம்மா?"

"இல்ல."

"போடலையா?"

"போடல. பதினோரு பேர் போடல. அதுல நான் மொதல்."

குழுவிலிருந்த மற்ற இருவரும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்கள். எனக்கு இது தெரியாத விஷயமில்லை, எண்ணாகத் தெரியும். அந்தப் பதினொன்றுக்கு முகம் உண்டு என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"ஏன் போடல?" என்றார்.

"அஞ்சு வருஷம் முன்னாடி வேற ஒரு கூட்டம் வந்துச்சு. வெள்ளைக் கோட்டு, பெரிய பொட்டி. ரெண்டு குழாய் ரத்தம் எடுத்தாங்க. ரிசல்ட்டு வரும்னாங்க. இன்னும் வருது. என் ரத்தம் எந்த ஊரைச் சுத்திப் பாத்துக்கிட்டு இருக்குதோ, எனக்குத் தெரியாது. அதான் டோக்டோரா ஒடெஸ்ஸாகிட்ட முடியாதுன்னுட்டேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். லக்சமானா சிரிக்கவில்லை, ஆனால் ஒரு அடி கிட்டே வந்தார். "முடியாதுன்னதும் டாக்டர் என்ன சொன்னாங்க?"

"சரின்னாங்க. ஏன்னு கேட்டாங்க. நான் சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. அடுத்த வாரம் படிவத்துல ஒரு பக்கம் கூடியிருந்துச்சு. முப்பது நாளுக்குள்ள ரிசல்ட்டு வீட்டுக்கு வரும், வரலைன்னா ரத்தத்தைத் திருப்பிக் கேக்கலாம், மிச்சம் இருந்தா அழிக்கச் சொல்லலாம்னு. கையெழுத்துப் போட்டவங்ககிட்ட எல்லாம் மறுபடி வீடு வீடாப் போய், படிச்சுக் காட்டி, மறுபடி வாங்கினாங்க."

"அப்புறமும் நீங்க போடலையா?"

"எதுக்கு அவசரம்? எங்க வீட்டுக்காரர் போட்டிருக்காரு. அவருக்கு முப்பது நாள்ல வருதான்னு பாக்கலாம்னு இருந்தேன்."

"வந்துச்சா?"

"இருபத்தாறாம் நாள் வந்துச்சு. புழு இருந்துச்சு. மாத்திரை குடுத்தாங்க. இப்ப என்னைவிட அதிகமாத் தின்னறாரு." கூட்டத்தில் மானா பெடிங்கின் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "நான் போடறதா வேண்டாமான்னு இன்னும் யோசனைல இருக்கேன். டோக்டோரா இதுவரைக்கும் ரெண்டாவது தடவை கேக்கல. கேட்டிருந்தா இந்தப் பன்னி வந்திருக்காது."

லக்சமானா நெற்றியைச் சுருக்கினார். "ஆராய்ச்சிக்கு முடியாதுன்னு சொல்லிட்டு, பன்னி மட்டும் எதுக்கும்மா?"

"கையெழுத்து வேற, விருந்து வேற சார். வந்தவங்களைப் பசியோட அனுப்பினா ஊருக்குத்தான் கேவலம். என் ரத்தம் என்னோட சொந்த விஷயம்."

அவர் வெகு நேரம் எழுதினார். பிறகு இன்னும் ஆறேழு பேரைக் கேட்டார். ஒருத்தி பட்டையில் இரண்டு கோடு வந்தால் என்ன, ஒரு கோடு வந்தால் என்ன என்று விரலால் மேசையில் வரைந்து காட்டினாள். மறுத்த பதினொரு பேரில் ஒரு கிழவர், ஊசி என்றால் பயம், வேறு காரணம் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டார். நான் ஒரு ஓரமாக நின்று கேட்டேன். நாற்பத்தேழு பக்கத்தில் நான் எழுதிப் புரியவைக்க முடியாததை இவர்கள் நின்ற இடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு மணிக்குக் குழு வேனில் ஏறி ஜன்னலை மூடிக்கொண்டு தாங்கள் கொண்டுவந்த பிஸ்கட்டைத் தின்றது. வெளியே கன்ஹாவான் பன்றியைத் தின்றது. அந்தப் பக்கம் பார்க்காமல் தின்பதற்கு எல்லாரும் பெரும்பாடு பட்டார்கள்.

ஏழு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. 'வருந்துகிறோம்' என்ற சொல்லைத் தேடித்தான் என் கண் முதலில் போனது, பழக்கதோஷம். அது அங்கே இல்லை. மூன்று வருடத்துக்கு முழுப் பணம், எங்கள் கல்லூரியின் பெயரில், எங்கள் கூடத்துக்கே. மாகாணங்களுக்கான பங்கில் எங்கள் தீவுக்கு வந்த முதல் திட்டம் இதுதான். 'உணவு தரப்பட்டது, ஏற்கப்படவில்லை, மனுதாரர் தாமே தெரிவித்தார்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே ஒரு நிபந்தனை: நெறிமுறைக் குழுவில் ஊர்க்காரருக்கான இடத்தில் இப்போது இருக்கும் பங்குத் தந்தைக்குப் பதிலாக, ஆராய்ச்சியில் சேர மறுத்த ஒருவரை அமர்த்த வேண்டும். தந்தை எங்கள் எல்லாத் திட்டங்களையும் ஆசீர்வதித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்பது மணிலா வரை தெரிந்திருக்கிறது.

அன்றைக்கே நானும் ஒடெஸ்ஸாவும் கன்ஹாவான் போனோம். மானா பெடிங் வயலிலிருந்து வந்து, முழங்கால் வரை போட்டிருந்த ரப்பர் பூட்ஸைக் கழற்றியபடி விஷயத்தைக் கேட்டாள்.

"அந்தக் குழுவுல என் வேலை என்ன?"

"எங்க திட்டத்தை எல்லாம் படிச்சுப் பாக்கணும் மானா. ஊருக்குச் சரிவருமான்னு சொல்லணும்" என்றாள் ஒடெஸ்ஸா.

"அங்கயும் முடியாதுன்னு சொல்லலாமா?"

"அதுக்குத்தான் மானா உங்களைக் கூப்பிடறோம்."

"சொன்னா வருத்தப்படுவியா டோக்டோரா?"

"படுவேன். ஆனா கேப்பேன்."

மானா பெடிங் கையைத் துடைத்துக்கொண்டு முழுத் திட்டத்தையும் வாங்கினாள். அந்தக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் பணத்தில் ஒரு பெசோவைத் தொட முடியாது. ஆரம்பிக்க வேண்டிய தேதிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. ஒடெஸ்ஸா அதைச் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், அவள் என் காலை மிதித்தாள். அடுத்த வாரம் மானா பெடிங் படித்து முடித்துவிட்டு வந்து, முப்பத்தொன்றாம் பக்கத்தில் குழந்தைகளைப் பற்றி எழுதியிருப்பது தனக்குச் சரியாகப் படவில்லை, மாற்றிக் கொண்டுவாருங்கள், அதுவரை கையெழுத்துப் போட மாட்டேன் என்றாள்.

தேதி தள்ளிப்போனதற்குக் காரணம் கேட்டு மணிலாவிலிருந்து கடிதம் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் தாமதத்துக்கு எத்தனையோ காரணம் எழுதியிருக்கிறேன்: புயல், வெள்ளம், மின்தடை, கப்பல் வரவில்லை. எல்லாம் கூனிக் குறுகி எழுதியவை. இந்தத் தடவை ஒரே வரிதான் எழுதினேன்: 'எங்கள் குழு உறுப்பினர் பெர்னார்திதா அவர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை.' அதன் கீழே என் கையெழுத்தை வழக்கத்தைவிடப் பெரிதாகப் போட்டேன்.