பச்சை எழுத்து

சின்ன மேடம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார் என்றால், பில்லிங் அறையின் பதினொரு திரைகளையும் அணைத்துவைக்கச் சொல்லி முன்கூட்டியே ஆள் வந்துவிடும். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுவதைப் பார்த்தால், இது மருந்துக் கம்பெனியா, அருங்காட்சியகமா என்று கேட்டுவிடுவார்களாம். அந்தத் திரைகளையெல்லாம் பார்த்துக்கொள்வதால் எல்லோரும் கம்ப்யூட்டர் அக்கா என்று கூப்பிடும் அவள், அந்தப் பத்து நிமிஷமும் கையைக் கட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

அந்தத் திரைகளை ஓட்டும் மிஷினை இங்கே விற்றது அவள் கணவர்தான். அப்போது அவர் வெறும் விற்பனைக்காரர். போட்டிக் கம்பெனிக்காரர்கள் கலர் கலராகப் படம் காட்டினார்கள். இவர் கையில் இருந்ததோ சாம்பல் நிறத்தில் ஒரு கையேடு. இரண்டாம் பக்கத்தைத் தாண்டி யாரும் புரட்டியதில்லை. மிஷினின் பெயரும் எழுத்தும் எண்ணுமாக நாக்கில் நிற்காது. பிற்பாடு மிஷின் கம்பெனி அந்தப் பெயரையும் மூன்று முறை மாற்றியதில், வாங்கினவர்களே அது ஒழிந்துபோனதாக நினைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவர் பேசிப் பார்த்துவிட்டு, பெரிய முதலாளியின் கண்ணெதிரே, பாதி பில்லில் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். மறுபடி சொருகி மிஷின் எழுந்தபோது, அடித்த வரி ஒன்றுகூடத் தொலையவில்லை. அந்த பில்லை அடித்துக்கொண்டிருந்தவள் இவள். வேலையில் சேர்ந்து நாலாவது நாள். "மிஷின் விழல, நான்தான் விழுந்தேன்" என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

இருபத்தெட்டு வருஷம் கழித்து, பெரிய முதலாளியின் மகளான சின்ன மேடம் அதைத் தூக்கிவிட முடிவு செய்தார். அக்கா மூன்று வாரம் அவகாசம் கேட்டாள். "பார்க்க லட்சணமா பண்ணித் தர்றேம்மா" என்று மட்டும் சொன்னாள். வெள்ளைத் திரை, நீல எழுத்து, மூலையில் கம்பெனிச் சின்னம். அடியில் அதே மிஷின், அதே புரோகிராம். சின்ன மேடம் அசந்துபோனார். வேகம்கூடக் கூடியிருக்கிறது என்று ஊழியர்களிடம் சொல்லிக்கொண்டு போனார்.

வீட்டில் அவள் இதைச் சொன்னபோது கணவர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தார்.

"அப்பவே எங்க மேனேஜர்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், பார்க்க நல்லா இருக்கணும் சார்னு. நல்ல சரக்கு தானா விக்கும்னுட்டார்."

அடுத்த வாரம் சின்ன மேடம் அவள் மேஜைக்கே வந்தார்.

"அக்கா, அந்தப் பழசை எப்போ எடுத்துட்டுப் போறாங்க? இரும்புக்குப் போட்டுடலாமா?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பழசுதாம்மா ஓடுது. நான் எழுத்தோட கலரைத்தான் மாத்தினேன்."

அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. சின்ன மேடத்தின் முகம் சிவந்தது. ஏமாற்றிவிட்டாயே என்று கேட்பார் என அக்கா காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. மிஷின் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் மிஷின் இருக்கும் அறைக்குள் போனதே இல்லை.

அக்கா கதவைத் திறந்துவிட்டாள். காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, இடுப்பளவு உயரத்தில் ஒரு கறுப்புப் பெட்டி.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

"எத்தனை தடவ நின்னுருக்கு?"

"வாங்கினப்புறம் ஒரே தடவ, கட்டடம் மாறினப்ப. அதுவும் நாமளா நிறுத்தினது."

சின்ன மேடம் அட்டைப்பெட்டிகளைக் காலால் ஒதுக்கிவிட்டு அருகில் போய், தயங்கித் தயங்கி, காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.