நேராக நீந்திய மீன்

நாமக்கல் பக்கத்துப் பள்ளி விடுதிக்குக் கிளம்பிய அன்று கனிஷ்கா தன் பெட்டியைச் சரிபார்க்கவில்லை. கூடத்தில் இருந்த மீன் தொட்டியின் முன்னால் அம்மாவை நிற்கவைத்து, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தண்ணிய முழுசா மாத்தீராதீங்கம்மா. வாரத்துக்கு ஒருக்கா கால்வாசி போதும். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணில கழுவக் கூடாது. எடுத்த தொட்டித் தண்ணியிலயே லேசா அலசிப் போடுங்க. அதுலதான் நல்ல கிருமி இருக்குது. அது செத்துதுன்னா மீனும் செத்துரும்."

"சரி சாமி, நான் பார்த்துக்கறேன்" என்றாள் கமலவேணி. வாசலில் கணவர் அருணகிரி காரை எடுத்து வைத்துக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தொட்டி கமலவேணியின் தம்பி சபரிநாதன் வாங்கிக் கொடுத்தது. புதுச்சத்திரத்தில் இருந்தான். சொந்த லாரி, ஓட்டுவதும் அவனே. பிள்ளை இல்லாதவன், அக்கா மகள்மேல் உயிர். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அயோத்தியாப்பட்டணத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்து, கனிஷ்காவோடு உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் ஊருக்குப் போவான். அவள் மீன் வளர்க்கக் கேட்டபோது அருணகிரி, "படிக்கற புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். அடுத்த முறை வந்தபோது சபரிநாதன் லாரியிலேயே கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான்.

தொட்டி வந்தும் ஒரு மாதத்துக்கு மேல் அதில் மீன் இல்லை. போர் தண்ணீர் கண்ணாடியில் வெள்ளையாக உப்புப் பூத்தது. குழாயில் வந்த காவிரித் தண்ணீரில் பிளீச்சிங் வாடை. அதை அகன்ற டிரம்மில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து, வாடை போனபிறகு இரண்டையும் கலந்து ஊற்றினாள். ஃபில்டரை ஓடவிட்டு, வெறும் தண்ணீரில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டாள். தீனி அழுகி விஷமாகும், அந்த விஷத்தைத் தின்னும் கிருமிகள் ஸ்பாஞ்சில் வளரும், அதற்குப் பிறகுதான் மீன் விட வேண்டும் என்று மாமனுக்கு விளக்கினாள்.

"மீனே இல்லாத தண்ணிக்குத் தீனி போடற புள்ளைய இங்கதான் பார்க்கறேன்" என்றார் அருணகிரி.

"அவ சொன்னா சரியாத்தான் இருக்குங்க மாமா" என்றான் சபரிநாதன்.

சேலத்தில் மீன் கடைக்கு அவளைக் கூட்டிப்போனதும் அவன்தான். இரண்டு தங்கமீன் எடுத்தாள். ஒன்று நல்ல மீன். மற்றது யாரும் வாங்காமல் கிடந்தது. வெள்ளை உடம்பில் ஆரஞ்சுத் திட்டு, கொழுத்த வயிறு, இடப்பக்கத் துடுப்பு பிறவியிலேயே பாதிதான். அதனால் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நீந்தும்.

"ஓவர்லோடு ஏத்துன வண்டியாட்டம் சாயுது பாரு கண்ணு" என்று சிரித்தான் சபரிநாதன். அதற்கு ஓவர்லோடு என்றே பெயராகிவிட்டது. கனிஷ்காவின் விரல் நுனியிலிருந்து தீனி வாங்கித் தின்ன அது பழகிக்கொண்டது.

பள்ளியில் மாதம் ஒரு ஞாயிறு பெற்றோர் பார்க்கப் போகலாம். மற்ற ஞாயிறுகளில் விடுதி போனில் சில நிமிடம் பேசலாம். பார்க்கப் போகும் நாளில் ஊரில் இருந்தால் சபரிநாதனும் வந்துவிடுவான், தட்டுவடைப் பொட்டலத்தோடு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நீட் எழுதி மகள் டாக்டராக வேண்டும் என்பது அருணகிரியின் கனவு. பைப் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளர்களிடம் அவளை இப்போதே டாக்டர் என்றுதான் சொல்வார்.

தை மாதம் ஓசூரைத் தாண்டி ஓர் இடத்தில், பஞ்சரான டயரைப் பார்க்க இறங்கி நின்ற சபரிநாதனைப் பின்னால் வந்த டேங்கர் அடித்துவிட்டது. உடலைப் புதுச்சத்திரத்துக்குக் கொண்டுவந்தது ஞாயிற்றுக்கிழமை.

அவன் மனைவி சண்முகப்பிரியா நாத்தனார் கமலவேணியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நங்கையா, கனிஷ்கா எங்கீங்க? அவ வராம எடுக்க வேண்டாங்க. உங்க தம்பிக்கு அவ ஒருத்திதானுங்க புள்ளை."

பள்ளி அங்கிருந்து அரைமணி நேரத் தூரம்கூட இல்லை. கமலவேணி கணவனைத் தேடிப்போனாள். பந்தலுக்கு வெளியே நின்றிருந்தவர் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே கூடாதென்று தலையாட்டினார்.

"பரிச்சை முடியற வரைக்கும் அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா புள்ளை ஒடைஞ்சுரும். போனவன் போயிட்டான். இருக்கறவ பொழப்பையும் கெடுக்கோணுமா?"

"ஒருக்கா மூஞ்சியப் பார்த்துட்டுப் போகட்டுங்க."

"சொன்னாக் கேளு, கமலா."

அவள் கேட்டாள். அதற்கு மேல் பேசும் பழக்கம் அவளுக்கு இல்லை.

பறை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் விடுதியிலிருந்து போன் வந்தது. கமலவேணி ஓடிப்போய்க் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டாள்.

"அம்மா, என்ன சத்தம்?"

"நோம்பி சாமி. கோயில்ல கொட்டு அடிக்கறாங்க."

"மாமா ஊர்லயா? மாமாகிட்டக் குடுங்க."

"மாமன் அஸ்ஸாம் லோடு போயிருக்குது. வர நாளாகும்."

"ஓவர்லோடு எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது. நீ படி சாமி."

போனை வைத்துவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இறங்கி வருவதற்குள் தம்பியைத் தூக்கிவிட்டிருந்தார்கள்.

காரியங்கள் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "தீட்டு. ஊட்ல நின்ன தண்ணி பூராவும் கொட்டிட்டு அலசி உடு" என்றார் அருணகிரி. குடங்களைக் கவிழ்த்தாள். டிரம்மைக் கவிழ்த்தாள். அதே கையோடு மீன்களைப் பாத்திரத்தில் பிடித்து வைத்துவிட்டு, தொட்டித் தண்ணீரையும் இறைத்துக் கொட்டினாள். கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவினாள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்துப் பிழிந்து பிழிந்து வெள்ளையாக்கினாள். குழாய்த் தண்ணீரையே நிரப்பினாள். மகள் சொன்னது எதுவும் அப்போது அவள் நினைவில் இல்லை. தம்பியின் லுங்கி ஒன்று கொடியில் கிடந்தது. அதை எடுப்பதா வேண்டாமா என்பது மட்டும்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் இரண்டு மீனும் வயிறு மேலே தெரிய மிதந்தன.

அருணகிரி போனில் இருந்த பழைய படத்தை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, அதே வெள்ளை உடம்பும் அதே இடத்தில் ஆரஞ்சுத் திட்டுமாக ஒரு மீன் வாங்கிவந்தார். கூடவே இன்னொன்று.

"இதுவும் அவளுக்குத் தெரிய வேண்டாம்."

புது மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அப்போதுதான் கமலவேணிக்கு மகளின் பேச்சு நினைவுக்கு வந்தது. தினமும் காலையில் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, வாடை போன தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். தீனியை எண்ணி எண்ணிப் போட்டாள். தண்ணீரைச் செம்பால் மொண்டு ஊற்றும்போது மட்டும் அழுவாள். அழுது முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எழுந்து சமைக்கப் போவாள். கடையிலிருந்து வரும் கணவருக்கு அழுத முகம் பிடிக்காது.

மீன்கள் பிழைத்துக்கொண்டன.

அடுத்த மாதம் பள்ளிக்குப் போகும் வழியில் புதுச்சத்திரத்தில் காரை நிறுத்தி அருணகிரி தட்டுவடை வாங்கினார். கமலவேணி பொட்டலத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளியில், "மாமன் குடுத்துச்சு சாமி" என்று மகள் கையில் அதைக் கொடுத்தவள் அவள்தான். கனிஷ்கா மரத்தடியில் உட்கார்ந்து அங்கேயே பிரித்துத் தின்றாள்.

அதற்கடுத்த மாதமும் தட்டுவடைதான் வந்தது, மாமன் வரவில்லை. கனிஷ்கா பொட்டலத்தைத் தொடவில்லை.

"ஊருக்கு வந்து தட்டுவடை வாங்கிக் குடுக்க முடியுது, இவ்வளவு பக்கத்துல இருக்கற என்னைப் பார்க்க வர முடியலையா? இனி மாமா வர வேண்டாம்னு சொல்லீருங்க. நான் பேச மாட்டேன்."

"சரி, சொல்லீர்றேன்" என்றாள் கமலவேணி.

நீட் முடிந்த அன்று தேர்வு மையத்தின் வாசலிலிருந்தே மகளை அழைத்துவந்தார்கள். நன்றாக எழுதியதாகச் சொன்னாள். ரிசல்ட் வந்தபிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அருணகிரி ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் கனிஷ்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியிடம் போய், விரல் நுனியில் தீனியோடு தண்ணீரைத் தொட்டாள். மீன் பயந்து மூலைக்கு ஓடியது. குனிந்து பார்த்தாள்.

"இது ஓவர்லோடு இல்ல."

"அதேதான் சாமி" என்றார் அருணகிரி. "வளர்ந்துருச்சு. நீ பார்த்து நாளாச்சில்ல?"

"இது நேரா நீந்துதுங்கப்பா. துடுப்பு முழுசா இருக்குது. பாதித் துடுப்பு எப்படிங்கப்பா வளரும்?"

அவர் மனைவியைப் பார்த்தார். கமலவேணி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"செத்துப்போச்சு சாமி. தண்ணி பூராத்தையும் மாத்திப்போட்டேன்."

"அவ்வளவு சொல்லிட்டுப் போனேனே? எதுக்கும்மா பூராத்தையும் மாத்துனீங்க?"

"தீட்டுன்னு..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அருணகிரி, "கமலா!" என்றார்.

"தீட்டா?" என்றாள் கனிஷ்கா. "யாரு செத்தா?"

அவள் தன் பையைத் துழாவினாள். போன் இல்லை என்பது நினைவுக்கு வந்து, அம்மாவின் போனை எடுத்தாள். மாமனின் எண்ணை அழுத்தினாள். எடுத்தது சண்முகப்பிரியா. கணவனின் எண்ணை அவள்தான் உயிரோடு வைத்திருந்தாள்.

"அத்தை, மாமா எங்கீங்க?"

மறுமுனையில் என்ன சொன்னாள் என்று கமலவேணிக்குக் கேட்கவில்லை. கனிஷ்கா கத்தவில்லை. போனை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தத் தட்டுவடை?"

"அப்பா வாங்குனது."

"வர வேண்டாம்னு சொல்லச் சொன்னேன். சரின்னு சொன்னீங்களே."

"சாமி..."

"எப்படிம்மா சரின்னு சொன்னீங்க?"

அருணகிரி பக்கத்தில் வந்து அவள் தலையில் கைவைத்தார். "எல்லாம் உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு. உன்ற மாமனே இருந்திருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பான்."

அவள் அந்தக் கையை எடுத்துவிட்டாள். மறுநாள் விடியும்போது பஸ் ஏறிப் புதுச்சத்திரம் போய்விட்டாள். பின்னாலேயே காரில் போனவர்களைச் சண்முகப்பிரியா வாசலில் நின்றே பார்த்தாள். "புள்ளை இங்க இருக்கட்டுங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கமலவேணி பிறந்து வளர்ந்த வீடு அது.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தது. அருணகிரி உறவுகளை அழைத்து விருந்து வைத்தார். கனிஷ்கா வரவில்லை. அத்தைக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டார். பந்தியில் யாரோ சபரிநாதனைப் பற்றிப் பேச்செடுத்தபோது, தாங்கள் மறைத்த கதையை அவரே முழுதாகச் சொன்னார்.

"அன்னைக்கு மட்டும் மனசு எளகியிருந்தேன்னா இந்த சீட்டு இல்லீங்க."

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். "பெத்தவங்கன்னா இப்படித்தான் இருக்கோணும்" என்றார் ஒருவர். நாமக்கல்லில் மகனைச் சேர்த்திருந்த ஒரு பெண் கமலவேணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எப்படீங்கக்கா உங்களால முடிஞ்சுது?" என்று வியப்போடு கேட்டாள். கமலவேணி அவள் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

கல்லூரிக்குப் போவதற்கு முன்னால் துணிமணிகளை எடுக்கக் கனிஷ்கா ஒரு நாள் வந்தாள். அத்தை ஆட்டோவில் காத்திருந்தாள். இருபது வயதுகூட ஆகாத முகத்தில் விருந்தாளியின் மரியாதை இருந்தது. காபி குடித்தாள். டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்தாள்.

"மீனுங்க நல்லா இருக்குது சாமி" என்றாள் கமலவேணி. "நீ சொன்னாப்பலயேதான் பண்றேன். வேணும்னா அத்தை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறியா?"

கனிஷ்கா தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது நீங்க வாங்குன மீனுங்கம்மா. நீங்களே வெச்சுக்கங்க."

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை அருணகிரி கை காட்டிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து, "படிச்சு முடிச்சா தானாப் புரிஞ்சுக்குவா" என்றார்.

"புரிஞ்சுதானுங்க போறா" என்றாள் கமலவேணி. திருமணமான நாளிலிருந்து அவருக்கு அவள் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அது. அருணகிரி டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.