களிம்பின் முன்பாதி

உலகத்தின் எந்த மூலையில் ஆண் குழந்தை பிறந்தாலும் அதற்குப் பெயர் வைக்கும் தகுதி தனக்கு உண்டென்று களஞ்சியம் நம்பினார். களஞ்சியம் என்பது அவருடைய பெயரல்ல. அவர் தொகுத்த புத்தகத்தின் பெயரில் பாதி. 'உலக ஆண்பெயர்ப் பெருங்களஞ்சியம்' ஆறு பதிப்பு கண்டுவிட்டது. முடிதிருத்துகிறவர் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை தெருவே அவரை அப்படித்தான் அழைத்தது. ஆயிரக்கணக்கான பெயர்களுக்குப் பொருள் சொன்னவரின் சொந்தப் பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் அவருக்கு வருத்தமில்லை. அந்தப் பெயருக்குச் சொல்லிக்கொள்ளும்படி பொருளும் இல்லை.

தொகுப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. பொருள் தெரிந்த பெயருக்குப் பொருளை எழுதுவார். தெரியாத பெயருக்கு ஊரின் தட்பவெப்பத்தைப் பார்த்து எழுதுவார். பனி பெய்யும் நாடென்றால் 'வீரன்'. தீவென்றால் 'கடலின் தோழன்'. பாலைவனமென்றால் கண்ணை மூடிக்கொண்டு 'சிங்கம்'. ஆறாம் பதிப்பில் நானூற்றுப் பன்னிரண்டு வீரர்கள் இருந்தார்கள். ஒரு சின்ன நாட்டைப் பிடிக்க அது போதும்.

உண்மையில் அவரைப் படுத்தியவை பொருள் நன்றாகத் தெரிந்த பெயர்கள்தான். கோட்டு சூட்டுக்குப் பொருத்தமாக ஒலிக்கும் வெளிநாட்டுப் பெயரொன்றைத் தோண்டிப் பார்த்தால் 'கோணல் மூக்கு' என்று வரும். இன்னொன்று 'வழுக்கை'. மூன்றாவது 'நொண்டி'. அப்படியே அச்சிட்டால் எந்தத் தகப்பன் வைப்பான்? கோணல் மூக்கு 'தனித்த முகப்பொலிவு உடையவன்' ஆயிற்று. வழுக்கை 'ஒளிரும் சிரத்தோன்'. நொண்டி 'நிதானமாக அடியெடுத்து வைப்பவன்'. பிள்ளையைக் கெட்டது எதுவும் அண்டக் கூடாதென்று வேண்டுமென்றே சாணம், குப்பை, வேண்டாதவன் என்று பெயர் வைக்கும் மக்கள் பல தேசங்களில் உண்டு. அவர்களைப் பற்றி ஒரு முழு அத்தியாயமே எழுதிவிட்டு, பதிப்பாளர் முகம் சுளித்ததும் அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்.

மூன்றாம் பதிப்பின்போதுதான் அவர் கண்ணி வைத்தார். அவருடைய புத்தகத்தை எதிர்த்தெருப் பதிப்பகம் ஒன்று வரிக்கு வரி காப்பியடித்து, அட்டையில் ஒரு குண்டுக் குழந்தையைப் போட்டு விற்றுக்கொண்டிருந்தது. கையும் களவுமாகப் பிடிக்க ஒரே வழி, உலகில் எங்குமே இல்லாத ஒரு பெயரைச் செய்து உள்ளே ஒளித்து வைப்பது. அவர்கள் புத்தகத்திலும் அது வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அன்றைக்கு மேசைமேல் கால்விரல் இடுக்கு அரிப்புக்கான களிம்பு ஒன்று இருந்தது. மூலையில் தரை துடைக்கும் திரவத்தின் பாட்டில். களிம்பின் முன்பாதியை எடுத்தார். திரவத்தின் பின்பாதியை ஒட்டினார். எங்கோ தூரத்துத் தீவுக்கூட்டத்துப் பழைய பெயர் போலக் கம்பீரமாகத்தான் ஒலித்தது. பொருள்: 'புயலிலும் அசையாதவன்'.

அந்தப் பெயர் என்ன என்று இங்கே எழுதுவது நாகரிகமாக இருக்காது. காரணம் போகப் போகத் தெரியும்.

எதிர்த்தெருக்காரர்கள் தவறாமல் காப்பியடித்தார்கள். களஞ்சியம் வெற்றிக்களிப்போடு தன் பதிப்பாளரிடம் ஓடினார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வழக்குப் போடலாங்க. ஆனா முதல் பதிப்புல நீங்க யார்கிட்டேர்ந்து எடுத்தீங்கன்னு அவங்க வக்கீல் கேப்பாரே" என்றார். அதோடு கண்ணி மறந்துபோயிற்று.

பன்னிரண்டு வருடம் கழித்து அது அவர் காலையே பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து மூன்று வாரம். சம்பந்தி வந்திருந்தார். ஓய்வுபெற்ற நில அளவையாளர்; நாற்காலியில் உட்காரும் முன் சுவருக்கும் அதற்கும் உள்ள தூரத்தைக் கண்ணால் ஒரு தரம் அளந்துவிட்டுத்தான் உட்காருவார். எதைச் சொன்னாலும் "ஆதாரம்?" என்பார். பேரனுக்குத் தன் தகப்பனார் பெயரை வைக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. களஞ்சியத்துக்கோ தன் புத்தகத்திலிருந்து ஒரு பெயர் வர வேண்டும். அந்தப் பெயரைத் தன் வாயால் விளக்க வேண்டும். சம்பந்தி அதை வாய் பிளந்து கேட்க வேண்டும். மூன்று வாரமாக இரண்டு தாத்தாக்களும் ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்தாள். கையில் அப்பாவின் புத்தகம், ஆறாம் பதிப்பு.

"அப்பா, முடிவு பண்ணிட்டோம். உங்க புத்தகத்துலேர்ந்துதான்."

களஞ்சியத்தின் முதுகு தானாக நிமிர்ந்தது. "சொல்லும்மா."

அவள் சொன்னாள்.

களஞ்சியத்துக்கு முதலில் கேட்டது பெயரல்ல, அதன் வாசனை. கற்பூரமும் கந்தகமும் கலந்த ஒரு வாசனை.

"இத்தனை பேர்ல இது ஒண்ணுதான் கண்ணுல பட்டுச்சுப்பா. ஏதோ முன்னாடியே தெரிஞ்ச பேரு மாதிரி. பாத்ததும் ஒட்டிக்கிச்சு."

தெரியாமலா இருக்கும், என்று களஞ்சியம் உள்ளுக்குள் புழுங்கினார்.

"பொருள் என்ன?" என்றார் சம்பந்தி.

"புயலிலும் அசையாதவன், மாமா."

சம்பந்தி சட்டைப் பையிலிருந்து தன் தகப்பனார் பெயர் எழுதிய துண்டுச் சீட்டை எடுத்து, நான்காக மடித்து, மறுபடி சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். "சம்பந்தி எழுதியிருக்கார்னா ஆராய்ஞ்சுதான் எழுதியிருப்பார். அவர் புத்தகத்தையே ஆதாரமா எடுத்துக்கறேன். நான் விட்டுக்குடுக்கறேன்."

இத்தனை வருடமாக அந்த மனிதரின் வாயிலிருந்து வர வேண்டுமென்று களஞ்சியம் ஏங்கிய வாக்கியம் அது. வந்த நேரம்தான் சரியில்லை. "நல்லது சம்பந்தி" என்று அசடு வழிந்தார்.

சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனவரை மனைவி வழிமறித்தாள். "ஏங்க, அந்தப் பேரு உங்க கால் அரிப்புக் களிம்புதானே?"

"மெதுவாப் பேசு."

"பின்பாதி எனக்குத் தெரியும். நான் தரை துடைக்கிற பாட்டில். எட்டு வருஷம் அதைத்தான் ஊத்தித் துடைச்சேன். கடையில வர்றது நின்னப்ப எவ்வளவு வருத்தப்பட்டேன் தெரியுமா? இப்ப பேரனா வந்து பொறந்திருக்கு."

"சும்மா இரு. அது ஒரு கண்ணி. எதிரிக்கு வெச்சது."

"எதிரி மூணு வாரத்துக் குழந்தையா? வியாழக்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போறா. அதுக்குள்ள அவகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"சொன்னா சம்பந்தி முன்னாடி என் மானம் என்ன ஆகும்?"

"சொல்லலைன்னா அவன் வளந்து, பேரு எங்கேர்ந்து வந்துச்சு தாத்தான்னு கேப்பான். காலைத் தூக்கிக் காட்டுங்க."

திங்கட்கிழமை களஞ்சியம் சுற்றி வளைத்துப் பார்த்தார். கூழாங்கல்லைப் போல உருண்டு ஒலிக்கும் பெயர்கள், பேரரசர்களின் பெயர்கள், நானூற்றுப் பன்னிரண்டு வீரர்களில் பொறுக்கியெடுத்த இருபது வீரர்கள் என்று ஒரு தாளை மகளிடம் நீட்டினார். அவள் மேலோட்டமாகப் பார்த்தாள்.

"எல்லாம் வீரனாவே இருக்கேப்பா. வேற தொழிலே கிடையாதா அந்த ஊர்கள்ல?"

"இல்லம்மா, நீ எடுத்த பேருக்கு... ஆதாரம் கொஞ்சம் பலவீனம்."

பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை உடனே கைப்பேசியை எடுத்தார். நல்ல பிள்ளை, உதவி என்று யாரும் கேட்காதபோதுதான் அதிகம் உதவுவார். "மாமா, நாற்பது இணையதளத்துல இருக்கு. எல்லாத்துலயும் ஒரே பொருள். ஒண்ணுல, அந்தத் தீவை ஆண்ட மூன்றாவது அரசர் பேருன்னு போட்டிருக்கு. சுனாமி வந்தப்ப கரையிலயே நின்னாராம்."

"யாரு நின்னது?"

"அரசர், மாமா."

களஞ்சியம் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். அரசருக்குப் படம்கூடப் போட்டிருந்தார்கள். தாடியும் மகுடமுமாக நன்றாகத்தான் இருந்தார். அரிப்புக் களிம்பில் தொடங்கிய ஒருவர் பன்னிரண்டே வருடத்தில் இந்த அளவுக்கு முன்னேறியது அவருக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. சாயங்காலம் சம்பந்தி போன் செய்தார். "நாற்பது ஆதாரமாமே சம்பந்தி! நான் அளந்த நிலத்துல ஒண்ணுக்குக்கூட மூணு ஆதாரத்துக்கு மேல சிக்கினதில்ல."

செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. மனைவி தரையை வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்தாள்.

வியாழக்கிழமை காலை குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு அப்பாவும் மகளும் பதிவு அலுவலகத்துக்குப் போனார்கள். வெளிர்ப்பச்சைச் சுவர், வரிசையாக இரும்பு நாற்காலிகள், நூலால் கட்டிப்போட்ட ஒரு பேனா. மூன்றாம் எண் கவுன்டரில் இருந்த அம்மாள் விண்ணப்பத்தை வாங்கினார். விவரங்களைத் தட்டிக்கொண்டே வந்தவர் குழந்தையின் பெயரைக் கேட்கும் இடத்துக்கு இன்னும் வரவில்லை. இதுதான் நேரம் என்று களஞ்சியம் தொண்டையைச் செருமினார்.

"அம்மாடி, அந்தப் பேரு விஷயமா..."

"குழந்தைக்குப் பேரு?" என்றார் கவுன்டர் அம்மாள்.

மகள் சொன்னாள்.

கவுன்டர் அம்மாளின் கை விசைப்பலகைமேல் நின்றது. இதுவரை முத்திரைக் கட்டைபோல இருந்த முகம் மலர்ந்தது. "என் பையன் பேருங்க அது! ஏழு வயசு. அட்டையில குண்டுக் குழந்தை போட்ட புத்தகம் ஒண்ணு இருக்கே, அதுலதான் பாத்து வெச்சேன். புயலிலும் அசையாதவன்."

"அப்படியா!" என்றாள் மகள்.

"இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில போயிடுவான், அது வேற கதை. ஆனா உன் பேருக்கு என்னடா அர்த்தம்னு ஒரு தரம் கேட்டாப் போதும். மூக்கை உறிஞ்சிக்கிட்டு வெளியில வந்துடுவான்." அவர் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பையன், முழங்காலில் பிளாஸ்திரியோடு, கேமராவை முறைத்துக்கொண்டு நின்றான்.

களஞ்சியம் அந்தப் படத்தைப் பார்த்தார். ஆறு பதிப்பில் அவர் தொகுத்த பெயர்களில் முகத்தோடு அவர் பார்த்த முதல் பெயர் இதுதான்.  இந்த அம்மாளின் எதிரில் சொன்னால், அடுத்த இடிக்கு அந்தப் பையன் கட்டிலுக்கு அடியிலேயே இருந்துவிடுவான்.

"என்னமோ சொல்ல வந்தீங்களேப்பா?"

"வெளியில வா. ஒரு நிமிஷம்."

நடைபாதையில் குடிநீர்க் குழாயின் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார். கண்ணி, எதிர்த்தெரு, மேசை, களிம்பு, பாட்டில். சொல்லச் சொல்ல, இது எவ்வளவு சின்னக் கதை என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. நான்கு நாளாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த விஷயம் நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. "அரசரெல்லாம் நான் எழுதலம்மா. அவர் தானா வந்தவர்" என்று முடித்தார்.

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு அவர் செருப்பைப் பார்த்தாள். அப்புறம் சுவரில் கை ஊன்றிக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் வாசலில் இருந்த காவலாளி எழுந்து நின்றுவிட்டார்.

"அதான் முன்னாடியே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சா! பத்தாவது படிக்கறப்ப தினம் உங்க காலுக்கு அதை நான்தானேப்பா தடவி விட்டேன். குனிய முடியலன்னு முனகிட்டே உட்காந்திருப்பீங்க. அந்த மஞ்சள் ட்யூப்."

"மஞ்சள்தான்" என்றார் களஞ்சியம், தலை குனிந்து.

"கேட்டுச்சா?"

"எது?"

"அந்தக் களிம்பு. அரிப்பு கேட்டுச்சா?"

களஞ்சியம் யோசித்தார். ஆதாரமுள்ள பதில் ஒன்று அவரிடம் இருந்தது. "ஒரே வாரத்துல. அதுக்கப்புறம் வரவே இல்ல."

"நல்லாக் கேட்டிருக்கு. அப்ப இதுவே இருக்கட்டும்."

"சாணம், குப்பைன்னெல்லாம் பேரு வெக்கறாங்கம்மா சில தேசத்துல. பிள்ளை நல்லா இருக்கணும்னுதான்" என்றார் அவர், ஏனென்று தெரியாமல். "நான் ஒரு அத்தியாயம் எழுதினேன்."

"எங்க அது?"

"பரண்ல."

"எடுத்துப் போடுங்க. அந்தக் கோணல் மூக்கையும் வழுக்கையையும் உள்ளபடி போடுங்க. என்கிட்ட ஒருதரம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களே, அதெல்லாம் புத்தகத்துல காணோம். உங்க வீரர்கள்ல பாதிப் பேரையாவது வீட்டுக்கு அனுப்புங்க, பாவம்." அவள் உள்ளே போய் நூல் கட்டிய பேனாவால் கையெழுத்துப் போட்டாள். கவுன்டர் அம்மாள், இரண்டு பையன்களும் ஒரு நாள் சந்திக்க வேண்டுமென்று சொல்லித் தன் எண்ணைக் கொடுத்தார்.

ஏழாம் பதிப்பு மெலிந்து வந்தது. முந்நூறு வீரர்கள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தார்கள். அவர்கள் இடத்தில் வழுக்கையும் நொண்டியும் கோணல் மூக்கும் தலைநிமிர்ந்து நின்றார்கள். சாணமும் குப்பையும் தனி அத்தியாயத்தில். "புத்தகம் போகாதுங்க" என்று பதிப்பாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஒரு பெயரை எடுக்கவும் மனமில்லை, பொய்யை வைத்திருக்கவும் மனமில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு களஞ்சியம் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். பேரன் மடியில் படுத்து, அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி, வாயில் வைத்து, கடிக்க முடியாத கோபத்தில் அலறினான். கடைசியில் அந்தப் பெயருக்கு எதிரே, அத்தனை பதிப்பிலும் ஒருமுறைகூட எழுதாத ஒன்றை எழுதினார்: 'இன்னும் தெரியவில்லை.'

புத்தகம் கைக்குப் போன அன்றே சம்பந்தி போன் செய்தார்.

"என்ன சம்பந்தி இது? நாற்பது இணையதளத்துக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது சம்பந்தி" என்றார் களஞ்சியம்.

மறுமுனையில் நில அளவையாளர் தன் வாழ்நாளில் முதன்முறையாக ஆதாரம் கேட்க மறந்துவிட்டார்.