தூக்கக் கூடாத ஆமை

எண்பத்து மூன்றாம் வருஷக் கோடையில் உத்திரமேரூர்ப் பக்கம் ஏரியும் வற்றிவிட்டது, ஏறக்குறைய எல்லாக் கிணறும் வற்றிவிட்டது. சொக்கம்மாள் வீட்டில் மனித நடமாட்டம் அதற்கும் முன்னாலேயே வற்றிவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்தபின், பிள்ளையில்லாதவள் வாசலில் யாருக்கு என்ன வேலை? யாராவது வந்து நாலு வார்த்தை பேசமாட்டார்களா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது.

வந்தது ஒரு கட்டாமை. ஓட்டின் மேல் மஞ்சள் நட்சத்திரம் போட்ட காட்டு ஆமை. தோட்டத்துப் படல் இடுக்கில் நுழைந்து, வாடிக் கிடந்த பூசணிக்கொடியைத் தின்றுவிட்டு, சொந்த வீடு மாதிரி அடுப்படியில் வந்து உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குள் ஆமை வந்தால் கெட்ட காலம் என்று ஊரே நடுங்கும். சொக்கம்மாளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இனிமேல்தானா கெட்ட காலம் வரப்போகிறது?

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் சும்மா இருப்பாளா? அந்தத் தெருவில் அவள் கிணற்றில்தான் தண்ணீர் இருந்தது. தினமும் சாயங்காலம் வாசலில் வந்து நின்று கத்துவாள்.

"இன்னாடி சொக்கம்மா, இன்னுமா அத்த வூட்ல வெச்சிக்கினு கீற? உன் பீடை எங்க கெணத்துக்கும் வரணுமா?"

"அது இன்னா உன் சோத்தையா துன்னுது? அதும்பாட்டுக்கு கீது!"

சண்டை விளக்கு வைக்கும்வரை நடக்கும். கோவிந்தம்மாள் போன பிறகு சொக்கம்மாளுக்கு மனசு லேசாக இருக்கும். சண்டை என்றாலும் ஒரு மனுஷியோடு பேசின மாதிரி ஆயிற்றே.

ஒருநாள் ஆமை வெள்ளையாக, குழைத்த சுண்ணாம்பு போல ஏதோ கழித்திருந்தது. சொக்கம்மாள் பதறிப்போய், தெருவில் மாட்டுக்கு ஊசி போட வந்திருந்த தானியேலைக் கூட்டிவந்தாள்.

"சீக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றான் அவன். "ஏரி ஆமைக்கு சுத்திலும் தண்ணி. அது தாராளமா மூத்திரம் வுட்டுடும். இது காஞ்ச காட்டுல பொழைக்கிறது. அழுக்க மட்டும் இப்டி வெள்ளையா தள்ளிட்டு, தண்ணிய மூத்திரப்பையில சேத்து வெச்சிக்கும். நீங்க அத்த தூக்கினீங்களா?"

"ஒரு தபா தூக்கினேன். சீலையெல்லாம் நனைச்சிட்சி."

"பயந்துபோயி சேத்து வெச்சத கொட்டிட்சி. இந்த வெயில்ல இன்னொரு தபா கொட்டினா தாங்காது. தூக்காதீங்க."

இதற்குள் கோவிந்தம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. ஆமை வெளியே போனால்தான் இனி தண்ணீர் என்று சொல்லிவிட்டாள். வெறுங்குடத்தோடு திரும்பிய சொக்கம்மாளுக்கு வேறு வழி தெரியவில்லை.

முறத்தில் ஏற்றிக்கொண்டு போகலாமென்று பார்த்தாள். முறத்தைக் கண்டதுமே அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. பயந்து கொட்டிவிட்டால் காரியம் கெட்டுவிடும். ஆகவே விடிந்ததும் அதை நடத்தியே கூட்டிப்போனாள். கள்ளிப்பழத்தைப் பிட்டு முன்னால் போடுவாள், அது தின்றபின் நாலடி வைக்கும். அது நின்றால் இவளும் நிற்பாள். வெயில் ஏறியதும் முந்தானையைப் பிடித்து நிழல் காட்டினாள்.

"இன்னா சொக்கம்மா, ஆமை மேய்க்கக் கெளம்பிட்டியா?" என்று, பக்கத்து ஊரான பெருநகருக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். கூட நடக்க ஒருவரும் வரவில்லை. அவள் ஆமையிடமே தன் கதையையெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

ஏரிக்கரைக்கு அப்பால் முள்காட்டில் அது ஒரு புதருக்குள் நுழைந்து மறைந்தது. வழியெங்கும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சொக்கம்மாளுக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

வீடு திரும்பியபோது கோவிந்தம்மாளே நிறைகுடத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

"உள்ள வா கோயிந்தம்மா. அதான் ஆமை போய்ட்சே. செத்த நேரம் குந்து."

"எனக்கு வேல கீதுடி" என்று அவள் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. திட்டுவதற்குக்கூட அந்த வீட்டில் இப்போது ஒன்றும் இல்லை. சொக்கம்மாளால் தாங்க முடியவில்லை. வாசலுக்கு வந்து, பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரலெடுத்தாள்.

"கோயிந்தம்மா! அந்த ஆமை திரும்பி வந்துட்சிடி!"

கோவிந்தம்மாள் கத்திக்கொண்டே ஓடிவந்தாள். சொக்கம்மாள் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.