தண்ணீரைப் பார்க்காத இரண்டு நாள்

சகாயநாதன் வேளாங்கண்ணி மாதா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் காரில் ஏறினார். இரண்டு நாளைக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசக் கூடாது. எந்த ஆற்றில் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் போன் போட்டுக் கேட்கக் கூடாது. கரை, மதகு, ஷட்டர் என்ற பேச்சே வாயில் வரக் கூடாது. மனைவி அருள்செல்வி சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அவர் திருப்பிச் சொன்னார்.

அறுபது வயது ஆளிடம் இப்படிச் சத்தியம் வாங்குவது கொஞ்சம் அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அருள்செல்வி பக்கத்துக் கதையையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

சகாயநாதன் பாசனத் துறையில் முப்பத்தைந்து வருடம் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து, போன மே மாதம் ஓய்வு பெற்றவர். துறைதான் அவரை விட்டது; அவர் துறையை விடவில்லை. அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது நவம்பர் பதினாலாம் தேதி. திருவருகைக் காலம் தொடங்கிவிட்டால் கத்தோலிக்கர் வீட்டில் கல்யாணம் வைக்க மாட்டார்கள், அதற்குள் முடித்தாக வேண்டும் என்று பெரியவர்கள் அவசரமாகக் குறித்த நாள். அடைமழைக் காலத்தில் பாசனத் துறைக்காரனுக்குக் கல்யாண நாள் வைத்தால் பிற்பாடு என்ன ஆகும் என்று அந்தப் பாவப்பட்ட ஜனங்கள் யோசிக்கவில்லை. மூன்றாம் நாளே மாப்பிள்ளை ஆற்றங்கரையில் மணல் மூட்டை அடுக்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்த கல்யாண நாள் ஒன்றில்கூட அவர் வீட்டில் இருந்ததில்லை. மகள் அனிட்டா பிறந்த அன்றைக்கும் எங்கோ ஒரு கரை உடைந்திருந்தது. நாலாம் நாள்தான் குழந்தையைப் பார்க்க வந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. நர்ஸ் அவரை வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

இப்போது அனிட்டாவுக்குச் சென்னையில் வேலை. அப்பா அம்மாவின் முப்பதாவது கல்யாண நாளுக்கு அவள் கொடுத்த பரிசுதான் இந்த இரண்டு நாள் தங்கல். குடவாசலுக்குத் தெற்கே பழைய மிராசுதார் பண்ணை ஒன்றைப் பெங்களூர்க்காரர்கள் வாங்கி, இடிந்ததையெல்லாம் எடுத்துக் கட்டி, கடுக்காய் ஊறவைத்த சுண்ணாம்பு பூசி ஓட்டலாக்கியிருந்தார்கள். நெல் கொட்டி வைத்திருந்த கட்டு அறைகளாகியிருந்தது. அறைகளுக்கு நெல்லின் பெயர். இவர்களுக்குக் கிடைத்தது மாடியில் ‘பூங்கார்’. குளியலறை மட்டும் இவர்கள் வீட்டுக் கூடம் அளவு இருந்தது. இத்தனை பெரிய இடத்தில் எந்த மூலையில் நின்று குளிப்பது என்று அருள்செல்வி கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு நாள் ஆகிவிட்டது என்று சகாயநாதனுக்கு உறைத்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

முதல் நாள் சங்கடமில்லாமல்தான் தொடங்கியது. மாலையில் ஓட்டல் சீருடையை நறுவிசாக உடுத்திய ஒரு நடுத்தர வயதுப் பெண், விருந்தாளிகளைச் சேர்த்துக்கொண்டு பண்ணையைச் சுற்றிக் காட்டினாள். பெயர் கயல்விழி. கட்டடத்துக்கு முன்னால் அல்லி பூத்து, விளிம்பு தட்டத் தண்ணீர் நிற்கும் நீளமான குளத்தைக் காட்டி, இது மிராசுதார் காலத்துப் பாசன வாய்க்கால், எங்கள் கட்டடக்கலை நிபுணர் இதை அகலப்படுத்திக் குளமாக்கியிருக்கிறார் என்றாள். கிழக்குக் கோடியில் செங்கல் வளைவும், பச்சை வர்ணம் அடித்த இரும்புச் சக்கரமும் வைத்த பழைய ஷட்டர் ஒன்று இருந்தது. விருந்தாளிகள் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சகாயநாதனுக்குத் தொண்டை அரித்தது. அது வாய்க்கால் இல்லை. வடிகால். வாய்க்கால் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது. வடிகால் வயலில் மிஞ்சியதை வாங்கிக்கொண்டு போய் ஆற்றில் விடுவது. தரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பெங்களூர்க் கண்ணுக்கு இரண்டும் தண்ணீர் போகிற பள்ளம். மேற்கே மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் வயல் அத்தனைக்கும் இது ஒன்றுதான் வடிய வழி. அதன் வாயை அடைத்து அல்லி விட்டிருக்கிறார்கள். வெயில் காலத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. மழை பெய்தால்?

வாயைத் திறந்தவர், பக்கத்தில் நிற்கும் மனைவியைப் பார்த்துவிட்டு, கொட்டாவி விடுவதைப் போலப் பாவனை செய்து மூடிக்கொண்டார்.

அன்று இருட்டும்போது பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் வெறித்திருந்தது. அருள்செல்வி குளிக்கப் போனதும் அவர் மாடி வராந்தாவுக்கு வந்தார். சும்மா காற்று வாங்கத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேற்கே பார்த்தார். நட்டு இருபது நாள் ஆன தாளடி நெற்பயிர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைத் தண்ணீர். வரப்புக்கூடத் தெரியவில்லை. கிழக்கே பார்த்தார். ஷட்டருக்கு அந்தப் பக்கம் ஓடும் ஆற்றில் இன்னும் இரண்டடிக்கு மேல் இடம் இருந்தது. அந்தச் சக்கரத்தைச் சுற்றிவிட்டால் மாலைக்குள் பயிர் தலை தூக்கிவிடும். இப்படியே விட்டால் மூன்று நாளில் தூர் அழுகிவிடும்.

அப்போதுதான் படுக்கை விரிப்பு மாற்ற செவ்வந்தி என்கிற அம்மாள் வந்தாள். மதிலுக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. அவளுடைய மாமனார் காலத்தில் இதே பண்ணையில் கூலிக்கு நட்டவர்கள். இப்போது சொந்தமாக ஒரு ஏக்கர், அதுவும் அந்தத் தண்ணீருக்குள். அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

“நீங்க பாசனத்து சார்தானே? எங்க ஊர்ல உடைப்பு எடுத்தப்ப ராவும் பகலும் நின்னீங்களே. சார், நாங்க சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எடுபடும்.”

சகாயநாதன் குளியலறைக் கதவைப் பார்த்தார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் நின்றிருந்தது.

“நான் ரிட்டயர் ஆயிட்டேம்மா” என்றார்.

செவ்வந்தி விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் அப்படி ஒரு பதில் சொன்னதில்லை. அவமானமாக இருந்தது.

டிபன் முடிந்ததும், காப்பியில் சர்க்கரை கம்மி என்று சொல்லிவிட்டு வருவதாக எழுந்து போனார். நேராக மேனேஜர் டேவிட்சனிடம் போனார். சத்தியத்துக்கு மனைவியிடம் பேசக் கூடாது என்றுதான் அர்த்தம், மேனேஜரிடம் பேசக் கூடாது என்று இல்லை என ஒரு வக்கீல் பாயிண்ட்டை வழியிலேயே தயார் செய்துகொண்டார். டேவிட்சன் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். ஷட்டரைத் தொடுவதென்றால் பெங்களூரில் கேட்க வேண்டும், நாளை மறுநாள் எஞ்சினியர் வருகிறார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, சந்தோஷமான சேதி சொல்கிறவரைப் போலச் சொன்னார்.

“அதுவும் இன்னிக்கு முடியவே முடியாது சார். ராத்திரி மிதவையில உங்க ரெண்டு பேருக்கும் டின்னர். உங்க பொண்ணு ஸ்பெஷலா சொல்லியிருக்காங்க. உங்களுக்காகத்தான் தண்ணிய நிறுத்தி வச்சிருக்கோம்.”

குளத்தின் நடுவில் கட்டியிருந்த மரமிதவையையும், அதில் இரண்டே இரண்டு நாற்காலி போட்டிருப்பதையும் சகாயநாதனும் பார்த்திருந்தார். அந்த விருந்துக்கென்றே அருள்செல்வி அரக்குப் பட்டு ஒன்று எடுத்து வைத்திருந்தாள். தங்கைக்குப் போன் செய்து மூன்று தடவை அதைப் பற்றிச் சொல்லியாயிற்று. முப்பது வருடத்தில் அவள் கேட்டது இந்த ஒன்று. இதையும் கெடுப்பதா? திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்று சொல்வது சுலபம். குளத்தை ஒட்டிய கூரைக்குக் கீழே இரண்டு பிரம்பு நாற்காலி. அருள்செல்வி அனிட்டாவின் சின்ன வயதுக் குறும்பைப் பற்றிப் பேசினாள். அவர் ‘ஆமாம்’ போட்டார். அவளுடைய பள்ளிக்கூட நாள்களைப் பற்றிப் பேசினாள். அதற்கும் ‘ஆமாம்’. அவர் கண் படிக்கட்டில் தண்ணீர் தொடும் கோட்டில் இருந்தது. மத்தியானம் ஒரு தூறல் போட்டபோது, அந்தக் கோடு அரை விரல்கடை ஏறியதை அவர் மட்டும் பார்த்தார். அருள்செல்வி ஏதோ கேட்டாள்.

“ஆமாம்” என்றார்.

“உங்க பேர் என்னன்னு கேட்டேன்” என்றாள் அவள்.

அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மூன்று மணிக்கு எண்ணெய் மசாஜுக்குச் சொல்லியிருக்கிறார்கள், போய்விட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள். அவள் தலை மறைந்ததும் சகாயநாதன் தப்பித்தோம் என்பதுபோல நாற்காலியை நன்றாகத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அப்படிச் செய்தவரைத் திட்டலாம்தான். ஆனால் அவருக்கே தான் திருப்பிப் போட்டது தெரியாது.

மூன்றரை இருக்கும். படிக்கட்டில் ஈரக்கோட்டுக்குக் கீழே தண்ணீர் இறங்கியிருந்தது. ஒரு விரல். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டு விரல். கால் மணி நேரத்தில் முதல் படி முழுசாக வெளியே வந்துவிட்டது. அல்லி இலைகளெல்லாம் கிழக்கு முகமாக இழுபட்டுத் திரும்பின. மிதவை ஒரு பக்கமாகச் சாய்ந்து, நாற்காலி ஒன்று வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. வேலைக்காரர்கள் ஓடினார்கள். டேவிட்சன் போனைக் காதில் வைத்துக்கொண்டே ஓடினார். சகாயநாதனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிழக்கே நடந்தார். யாரோ ஷட்டரைத் தூக்கியிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் மதிலேறிக் குதித்துவிட்டார்களோ, போலீஸ் கேஸாகிவிடுமோ என்று யோசித்துக்கொண்டே போனார்.

ஷட்டர் மேடையில் அருள்செல்வி நின்றிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து, பச்சை வர்ணம் உரிந்து ஒட்டியிருந்தது. திருகுத் தண்டு முழுவதும் எண்ணெய் வழிந்து, லவங்க வாசனை அடித்தது. மசாஜுக்கு வைத்திருந்த பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து ஊற்றியிருக்கிறாள். பக்கத்தில் செவ்வந்தி குடை பிடித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் மதகை ஒட்டிய குவார்ட்டர்ஸில் குடியிருந்தபோது, ஷட்டர் தூக்க ஆள் இல்லாத நேரத்தில் அவரோடு சேர்ந்து சக்கரம் சுற்றியவள்தான் அருள்செல்வி. அவருக்கு அது மறந்தே போயிருந்தது.

டேவிட்சன் கோபத்தை மரியாதைக்குள் வைத்து, இதற்கு யார் பொறுப்பு, இரவு விருந்து என்னாவது என்று கேட்டார். அறை தன் பெயரில்தான் இருக்கிறது, விருந்தும் தனக்குத்தான், வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறேன், இது வாய்க்கால் இல்லை வடிகால் என்று சேர்த்தே எழுதித் தருகிறேன், பெங்களூருக்கு அனுப்புங்கள் என்றாள் அருள்செல்வி. டேவிட்சன் பேப்பர் எடுத்துவர உள்ளே போனார்.

சகாயநாதன் மனைவியைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு புருஷன் சொல்லக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. அவர் சொன்னது இதுதான்.

“இன்னும் நாலு சுத்து தூக்கணும் அருளு.”

சொல்லிக்கொண்டே சக்கரத்தில் கை வைத்துவிட்டார். நாலு சுற்றும் சுற்றினார். அவள் தடுக்கவில்லை. முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“செவ்வந்திகிட்ட நீங்க சொன்னதைக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்” என்றாள் பிறகு. “நீங்க வீட்ல இல்லாம இருக்கறது எனக்குப் பழகிப்போச்சுங்க. முப்பது வருஷம். அதுக்கு அழுதும் முடிச்சிட்டேன். ஆனா இன்னிக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு இல்லாம இருந்தீங்க பாருங்க, அதை என்னால தாங்க முடியல. இந்தத் தண்ணி போனாத்தான் நீங்க வருவீங்கன்னு தோணிச்சு. அதான் தொறந்துவிட்டேன்.”

அழவில்லை அவள். புடவை முந்தானையால் உள்ளங்கையைத் துடைத்தாள். வர்ணம் போகவில்லை. மேடையின் செங்கல் விளிம்பில் போய் உட்கார்ந்தாள்.

சகாயநாதன் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தார். எந்த வருடத்திலிருந்து கேட்பது என்று தெரியவில்லை. அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, சிவந்திருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் வடிகால் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. வலிக்கிறதா என்று கேட்டார். வலிக்கிறது என்றாள். அனிட்டா பிறந்தபோது அவள் வார்டில் குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக இருந்த நாள்களைப் பற்றிக் கேட்டார். இதுவரை கேட்டதில்லை. அவள் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

மதில் பக்கம் ஓடி வயலைப் பார்த்துவிட்டுச் செவ்வந்தி மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது அரை மணி நேரம் ஆகியிருந்தது. வரப்பு தெரிகிறது, பயிர் நுனியும் தெரிகிறது என்றாள். இங்கே குளத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது சார் என்று கேட்டாள்.

“நான் பாக்கலம்மா” என்றார் சகாயநாதன்.