குதிகால் வெட்டிய சாக்ஸ்

அந்தப் பாலே குழுவில் அவருக்குக் கணக்கு டீச்சர் என்று பெயர். உண்மையில் அவர் பிசியோதெரபிஸ்ட். ஒத்திகைக் கூடத்துக்குப் பின்னால், ஒரே ஜன்னல் வைத்த அறையில், பதினெட்டு வருஷமாக ஆட்டக்காரர்களின் இடுப்பையும் முழங்காலையும் கணுக்காலையும் பழுது பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தார். எந்தப் பயிற்சி கொடுத்தாலும் வாய்விட்டு எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் விடமாட்டார். "டீச்சரை ஏமாத்த இனிமேதான் ஒருத்தர் பொறந்து வரணும்" என்று ஆட்டக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். காதில் விழுந்தால் டீச்சருக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமையை இப்போது நினைக்கவே கூசியது.

இன்று பத்து மணிக்குத் தும்பி வருகிறாள். இரண்டாவது ஆபரேஷன் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

தும்பி என்பது அவள் குதிக்கும் அழகுக்காகக் குழுவில் வைத்த பேர். முப்பத்தொரு வயது. போன வருஷம் ஒத்திகையில் குதித்து இறங்கியபோது இடது குதிகால் தசைநார் அறுந்துபோனது. யாரோ பின்னாலிருந்து உதைத்துவிட்டதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தாளாம். பின்னால் ஆளே இல்லை. தைத்து, ஆஸ்பத்திரி பூட்ஸ் மாட்டி, கக்கத்தில் கட்டை ஊன்றி, கடைசியில் டீச்சரிடம் வந்து சேர்ந்தாள்.

முதல் நாள் அவள் போட்டுக்கொண்டு வந்த சாக்ஸைப் பார்த்து டீச்சர் சிரித்துவிட்டார். குதிகால் பக்கம் மட்டும் கத்தரியால் வெட்டியிருந்தாள். தழும்பு வெளியே தெரிந்தது, விரல்கள் உள்ளே.

"இதென்ன கூத்து? கழட்டு."

"வேணாம்க்கா. உங்களுக்குப் பாக்க வேண்டியது பின்னாடிதானே?"

"விரலுக்கு என்ன?"

"நகம் ரெண்டு இல்ல. மிச்சமெல்லாம் கறுப்பு. ஆஸ்பத்திரியில ஒருத்தர் பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க." பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "மேடையில ஊரே என் காலைத்தான் பாக்குது. இங்கயாவது விட்டுடுங்கக்கா."

டீச்சருக்கு மனசு இளகிவிட்டது. சாதாரணமாக இளகாத மனசு. வருஷா வருஷம் பயிற்சிக்கு வரும் பிசியோதெரபி மாணவர்களிடம், "வர்றவங்களை முதல்ல செருப்பைக் கழட்ட வை, அடுத்தது சாக்ஸை, அப்புறம்தான் பேச்சு" என்று அதட்டுகிறவர், இவளிடம் மட்டும் சரி போகட்டும் என்று விட்டார். ஒரு பெண்ணின் வெட்கத்துக்குக் கொடுத்த மரியாதை என்று அப்போது நினைத்துக்கொண்டார்.

அப்பாதான் அவளைக் கூட்டி வருவார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெளியே பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார், ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்த மாதிரியே. கதவு திறந்ததும் ஒரே கேள்விதான்: "இன்னிக்கு எத்தனைம்மா?"

ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். மெட்ரோனோம் கருவி தட்டும் தாளத்துக்கு, நல்ல காலின் உயரத்துக்கு, நிற்காமல் இருபத்தைந்து. அது வந்தால்தான் டீச்சர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இல்லாமல் யாரும் மேடை ஏற முடியாது. ஒன்று என்று தொடங்கினாள். நாலாக ஏழு வாரம். பதினொன்று. பதினாறு. பதினேழில் போய் நின்றது, நகரவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் குழுவின் இயக்குநர் எட்டிப் பார்த்தார். "இந்த சீசன்ல அவ ஆடலைன்னா அந்த வேஷம் வேற பொண்ணுக்குப் போயிடும் டீச்சர். அடுத்த வருஷம் அவளுக்கு முப்பத்திரண்டு. அப்புறம் நானே நினைச்சாலும் கூப்பிட முடியாது." தும்பியும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

அடுத்த வாரமே இருபத்தைந்து வந்தது.

டீச்சர் ஏனோதானோவென்று சோதிக்கவில்லை. நல்ல காலின் உயரத்தில் ஒரு நூல் கட்டி, செல்போனில் வீடியோ ஓடவிட்டு, குதிகால் ஒவ்வொரு முறையும் நூலைத் தொடுகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். தொட்டது. இருபத்தைந்து முறையும் தொட்டது. கதவைத் திறந்து, அப்பா கேட்பதற்கு முன்பே "இருபத்தஞ்சு!" என்று கத்தினார். அந்த மனிதர் எழுந்து நின்று கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அன்றே கையெழுத்துப் போட்டார். தும்பி மேடை ஏறினாள். மூன்றாவது காட்சியில் அதே குதிகால் மறுபடி அறுந்தது. மேடை ஓரம் நின்றிருந்த டீச்சருக்கு அத்தனை வாத்திய இரைச்சலிலும் அந்தச் சத்தம் கேட்டது, காய்ந்த குச்சி ஒடிந்த மாதிரி. தும்பி அப்படியே உட்கார்ந்தாள். இந்த முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நடக்கலாம், மேடை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் சர்ஜன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீச்சர் அந்த வீடியோவை எடுத்துப் பார்த்தார். பத்துப் பதினைந்து தடவை குதிகாலையே பார்த்த பிறகு, தற்செயலாகத்தான் கண் முன்பக்கம் போனது. பதினேழு வரை சாக்ஸின் முனை தட்டையாக இருந்தது. பதினெட்டிலிருந்து, ஒவ்வொரு தூக்கலுக்கும், துணி சுருண்டு மடிந்தது. உள்ளே ஐந்து விரலும் தரையைப் பிறாண்டிக்கொண்டிருந்தன. கெண்டைக்கால் சதை ஓய்ந்துபோனால் விரல்கள் அதன் வேலையை எடுத்துக்கொள்ளும். உயரம் வந்துவிடும், பலம் வந்திருக்காது. குதித்து இறங்கும்போது விரல் தாங்காது. முதல் வருஷப் பாடம் இது. பதினெட்டு வருஷ அனுபவம் இருந்தும் கோட்டை விட்டார்.

மறுநாள் இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவர் பாதிதான் கேட்டார். "நடந்தது நடந்துபோச்சு, விடுங்க. புதுப் பொண்ணுக்கு முழங்கால் வலிக்குதாம், கொஞ்சம் பாருங்க" என்றார். திட்டியிருந்தால்கூட டீச்சருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இன்று, சொன்னபடி பத்து மணிக்கு அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். பார்வை தரையில் இருந்தது. "எங்க வீடு ரெண்டாவது மாடிம்மா. அது மட்டும் ஏறிட்டாப் போதும்" என்றார்.

உள்ளே போனதும் தும்பி கட்டிலில் உட்கார்ந்து செருப்பை உதறினாள். சாக்ஸ் இல்லை. கறுத்த நகமும், நகம் இல்லாத விரலும், பக்கவாட்டில் புடைத்த எலும்பும் பகல் வெளிச்சத்தில் கிடந்தன.

"சாக்ஸ் எங்கடி?" என்றார் டீச்சர்.

"இனிமே யார் பாத்தா என்னக்கா?"

அவள் வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று டீச்சருக்குத் தோன்றியது. கீழே உட்கார்ந்து அந்தப் பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டார்.

"நான் பாத்திருக்கணும். அன்னிக்கே கழட்ட வச்சிருக்கணும். விரலாலதான் ஏறியிருக்க. வீடியோவுல இருக்கு."

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"பதினேழுக்கு மேல சதை வரல. விரலை ஊனித்தான் ஏறினேன். அப்பவே தெரியும்."

"பாவி, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

தும்பி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "பத்தொன்பதுல நிறுத்திடலாம்னுதான் நினைச்சேன். ஆனா நீங்க எண்ணிட்டு இருந்தீங்க. பதினெட்டுன்னு சொன்னப்பவே உங்க குரல் மாறிடுச்சு. அவ்வளவு சந்தோஷம். எனக்கு நிறுத்த மனசு வரல."

டீச்சர் அந்தக் காலை மெல்லக் கீழே இறக்கி வைத்தார். பிறகு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னார். மெதுவாக, பத்து தடவை. மெட்ரோனோமைத் தொடவில்லை.

தும்பி காலை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். டீச்சர் வாயைத் திறந்து பார்த்தார். எண் வரவில்லை.

தும்பியே எண்ண ஆரம்பித்தாள். ஆறில் சதை ஓய்ந்தது. இந்த முறை விரலை ஊன்றாமல் நிறுத்திவிட்டாள்.