கஸ்தூரிக்குப் பிடித்த பொங்கல்

எங்கள் ஊரில் பொங்கல் கிடைக்காத தெரு இல்லை. நல்ல பொங்கல் எங்கே கிடைக்கும் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். மூன்று மாதமாக அந்தக் கைகள் காட்டிய பக்கமெல்லாம் போய்விட்டு வந்தேன். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஏறிப் பாதி தேய்ந்திருந்த என் முட்டி, ஓய்வு பெற்ற பிறகு பொங்கலுக்காக மீதியும் தேய்ந்தது.

எனக்காக இல்லை. எனக்குப் பொங்கல் என்றாலே தூக்கம்தான் வரும். என் மனைவி கஸ்தூரிக்காக. வேலூரில் கடைசி கீமோ முடிந்து வேங்கிக்கால் வீட்டுக்கு வந்தபோது பாதி ஆளாக இருந்தாள். "எதையாவது சாப்பிட வைங்க, எடை ஏறியே ஆகணும். ருசி தெரியாது, ரெண்டு மாசத்துல தானா வந்துடும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு வாய்க்கு மேல் எதுவும் இறங்கவில்லை. என்னதான் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு நான் எரிந்து விழுந்த ஒரு நாளில், "கடைப் பொங்கல் வேணா வாங்கிட்டு வாங்க" என்றாள். ஆயுசு முழுக்க ஓட்டல் சாப்பாட்டைத் திட்டியவள் அப்படிக் கேட்டது எனக்கே அதிசயமாக இருந்தது.

வாங்கி வந்தேன். பாதிப் பொட்டலம் சாப்பிட்டுவிட்டு, "மிளகு ஜாஸ்தி" என்று தள்ளி வைத்தாள்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சம் இல்லை. மிளகு தெரிகிறது என்றால் நாக்கு திரும்பிவிட்டது என்றுதானே அர்த்தம். அதுவும் யார் நாக்கு? சொந்தக்காரர் கல்யாணங்களில் சமையல்காரர்கள் அவளைக் கூப்பிட்டு உப்பு பார்க்கச் சொல்வார்கள். வீட்டில் உப்பு டப்பாவை என் கையில் கொடுத்ததே இல்லை. "உங்களுக்கு உப்பும் தெரியாது, ஒறப்பும் தெரியாது" என்று பிடுங்கிக்கொள்வாள்.

அன்றிலிருந்து காலையில் எழுந்தால் ஒரு கடை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கினால் நெய் கம்மி. தேரடித் தெருவில் வாங்கினால் பருப்பு வேகவில்லை. செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிடுகிற கடையில் முந்திரியை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். "இது பொங்கலா, பாயசமா?" என்று கேட்டாள். சட்னி சாம்பார் எதையும் தொட மாட்டாள். தொட்டுக்கொண்டால் பொங்கலின் லட்சணம் தெரியாதாம்.

குறை சொல்லிக்கொண்டே பாதிப் பொட்டலம் உள்ளே போய்விடும். எனக்கு அது போதும். ஆனாலும் மனிதன்தானே. காலையில் ஸ்கூட்டரைப் பார்த்தாலே அலுப்பாக இருக்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "நல்லா இருக்குன்னு ஒரு தடவ சொன்னா உன் கிரீடம் எறங்கிடுமா?" என்று கேட்டுவிட்டேன். தலையில் அப்போதுதான் முளைத்திருந்த பூனைமுடியைத் தடவிக்கொண்டு, "எந்தக் கிரீடம்?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு நான் பின்கட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

அடி அண்ணாமலையில் கண்ணாயிரத்தின் கடையைச் சொன்னவர் பக்கத்து வீட்டு பீர் முகம்மது. "அண்ணே, அதுக்கு மேல இந்த ஜில்லாவுல பொங்கல் கெடையாது. ஆனா பௌர்ணமி அன்னிக்கு மட்டும் போய்டாதீங்க, கூட்டத்துல மாட்டிப்பீங்க" என்றார்.

நான் போனது பௌர்ணமி அன்றைக்குத்தான். முந்தின நாள் முழுக்க அவள் எதுவும் சாப்பிடவில்லை. இன்னொரு நாள் பொறுக்க எனக்குத் தைரியம் இல்லை. கிரிவலப் பாதையில் வண்டியை விட மாட்டேன் என்று போலீஸ்காரர் தடுப்பைக் காட்டினார். ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு, மலை சுற்ற வந்த கூட்டத்தோடு கூட்டமாக நொண்டிக்கொண்டே நடந்தேன். அவர்களெல்லாம் 'அரோகரா' சொல்லிக்கொண்டு போனார்கள். நான் முட்டியைத் திட்டிக்கொண்டு போனேன்.

கடையில் அண்டா இறங்கியிருந்தது. யாருக்கும் பரிமாறவில்லை. கண்ணாயிரம் சாமி படத்துக்கு முன்னால் இலை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் உடம்பு சரியில்லாதவள் காத்திருக்கிறாள் என்றேன்.

"தோ, ஒரு நிமிஷங்க. பௌர்ணமிக்கு மொத அண்டா சாமிக்கு. படைக்கிற வரைக்கும் மாஸ்டர்கூட வாயில வெச்சுப் பாக்க மாட்டாரு. அது எங்கப்பா காலத்துலேந்து பழக்கம்" என்றார்.

கற்பூரம் காட்டி முடித்ததும் முதல் பொட்டலத்தை எனக்குத்தான் கட்டினார். "இன்னும் ஒருத்தர் வாயில படல. உங்க வீட்டம்மாதான் மொதல். நல்லா ஆயிடுவாங்க, போங்க" என்றார். அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டேன். வருகிற வழியில் வலிகூடக் கம்மியான மாதிரி இருந்தது.

கேட்டைப் பிடித்துப் பிடித்து நான் உள்ளே வந்ததைக் கஸ்தூரி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். தட்டில் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். பாதியைத் தாண்டினாள். முக்கால் ஆயிற்று. பிறகு என்னைப் பார்த்து, "இதுதாங்க. இதான் பொங்கல். இனிமே எங்கயும் அலைய வேணாம்" என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி என்னதான் பொங்கல் என்று மிச்சத்தில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

உப்பே இல்லை. ஒரு கல்கூட இல்லை. மாஸ்டர் மறந்திருக்கிறார். யாரும் வாயில் வைக்காததால் யாருக்கும் தெரியவில்லை.

கஸ்தூரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

"உப்பு ஜாஸ்தியா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் குரல் இறங்கியது.

"கம்மியா?"

"போடவே இல்ல, கஸ்தூரி."

அவள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலங்க. ரெண்டு மாசத்துல வரும்னாங்க, மூணு மாசமாச்சு. எத வாயில வெச்சாலும் மண்ண வெச்ச மாதிரி இருக்குது" என்றாள்.

"அப்ப மிளகு, நெய்யி, பருப்புன்னு சொன்னதெல்லாம்?"

"கண்ணு தெரியுது இல்ல. மிளக பாத்தா தெரியாதா? கையில ஒட்டுறத வெச்சு நெய் தெரியாதா?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஊர் ஊரா என்ன ஓட விட்டுட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"மொத நாளே நல்லா இருக்குன்னு சொன்னா நம்பியிருப்பீங்களா? ஓட்டல் சாப்பாட்ட நான் என்னிக்கு நல்லா இருக்குன்னு சொன்னேன்? நீங்க பயந்துடுவீங்கன்னுதான் கொற சொன்னேன். இன்னிக்கு உங்க காலப் பாத்ததும் மனசு கேக்கல."

கோபம் போன இடம் தெரியவில்லை. மண்ணைத் தின்பது போல இத்தனை நாள் தின்றிருக்கிறாள், நான் வாங்கி வந்தேன் என்பதற்காக. நான் ஓடியதை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு அலுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் தலையில் கை வைத்தேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அடுப்படிக்குப் போய் உப்பு டப்பாவை எடுத்து வந்து வழக்கம்போல அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீங்களே போடுங்க."

கொஞ்சம் தூவிப் பிசைந்தேன். வாயில் வைத்துப் பார்த்தேன். போதவில்லை. இன்னும் கொஞ்சம் தூவி மறுபடியும் பார்த்தேன்.

"இப்ப?" என்றாள்.

"சரியா இருக்கு."

"உங்களுக்குத்தான் உப்பு தெரியாதே."

"தெரியுது. சாப்பிடு."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சாப்பிட்டு முடித்தாள்.